சந்திரகிரி இராச மாளிகை

திருவள்ளூர் மாவட்டத்தின் வடமேற்கு ஓரத்தில் ஆர்.கே.பேட்டை என்னும் ஊர் உள்ளது. இராமகிருஷ்ணராசுப்பேட்டை என்னும் நெடும் பெயரே வழக்கில் இவ்வாறு சுருங்கிற்று. தெருவில் நடந்தால் தறியோசை கேட்கும். கிழக்கே முருகன் உறையும் திருத்தணிகை மலை. சற்றுத் தொலைவிலேயே ஆந்திர நாட்டின் எல்லை. அவ்வூரினின்று வடக்கே புறப்பட்டால் பள்ளிப்பட்டின் பக்கத்தில் குசத்தலை ஆற்றைக் காணலாம். பின்னர்க் கார்வேட்டிநகரம், புத்தூர், திருப்பதி என ஊர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். திருப்பதிக்கு மேற்கே ஏறத்தாழ 12 கிலோமீட்டர் சென்றால், பொன்முகலி ஆற்றின் அருகே, செங்குத்தான ஒரு பாறைமலையும் அதன் அடிவாரத்தில் மூன்று நிலை மாளிகை ஒன்றும் தோன்றும். அம்மலையே சந்திரகிரி. அம்மாளிகையை இராச மகால் என்பர். விசயநகர வேந்தரின் இறுதிக் காலத் தலைநகரங்களுள் ஒன்றாக விளங்கிய அவ்விடத்தில், இன்று இந்தியத் தொல்பொருள் ஆய்வுத் துறையினர் அரும்பொருட் காட்சிச்சாலை நடத்தி வருகின்றனர்.

அரும்பொருட் காட்சிச்சாலை என்றதும், கண்ணாடிப் பெட்டிகளும் அவற்றுள் அடுக்கிய பொருள்களுமே நம் நினைவிற்கு வரும். சந்திரகிரியிலோ, உள்ளே வைத்த பொருள்களைக் காண்பதற்கு முன், அவற்றைத் தாங்கி நிற்கும் வீட்டையே முதலிற் காணல் வேண்டும். இந்நாட்டில் கோயில்கள் பல நூற்றாண்டுகள் கடந்து நிற்கின்றன. அரண்மனைகளோ பெரும்பாலும் நிற்கவில்லை. இறைவன் உறையும் இடத்தைக் கருங்கல்லால் எடுத்த மன்னர், தாம் வாழும் இடத்தை மரத்தாலும் செங்கல்லாலும் அமைத்தனர். மரத்தைக் கறையான் அரிக்கும், தீ உண்ணும். 1565-ஆம் ஆண்டுத் தலைக்கோட்டைப் போருக்குப் பின் விசயநகரம் பாழானபோது, அங்கிருந்த அரண்மனைகளின் மேற்பகுதி அழிந்துபோயிற்று. இன்று அம்பியில் நாம் காண்பவை பல அரண்மனைகளின் கல் அடித்தளங்களே. தாமரை மகால் என்னும் சிறு மண்டபம் போன்ற சிலவே முழு வடிவோடு தப்பின. அவை தப்பியதற்குக் காரணம், மரத்தின் துணையின்றிக் காரையும் வளைவும் கொண்டு கட்டப்பட்டமையே.

சந்திரகிரி மாளிகையும் அவ்வினத்தைச் சேர்ந்ததே. கல், செங்கல், சுண்ணாம்புக் காரை ஆகிய மூன்றே இதன் பொருள்கள். மூன்று நிலைகளுள் எவ்விடத்தும் மர உத்திரம் இல்லை. உத்திரமின்றி மேல்தளம் எவ்வாறு நிற்கும் என்னும் வினா எழுதல் இயல்பு. வாயிலின் மீது நீண்ட மரத்தையோ கல்லையோ குறுக்கே கிடத்தினால், மேலுள்ள சுமை அதனை நடுவே வளைக்க முயலும். சுமை மிகுந்தால் முறிந்துவிடும். வளைவில் அவ்வாறு நிகழ்வதில்லை. சிறு கற்களை வில்போல அணிவகுத்து வைத்தால், மேலிருந்து வரும் சுமை ஒவ்வொரு கல்லையும் அடுத்த கல்லோடு நெருக்கி, இருபுறத்துத் தூண்களின் வழியே நிலத்தில் இறங்கும். நெருக்குதலைத் தாங்குவதிற் கல்லுக்கு நிகர் அரிது. எனினும் வளைவு தன் பக்கத்துச் சுவர்களை வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். அதனைத் தாங்கவே இம்மாளிகையின் சுவர்கள் அத்துணைப் பருமனாக அமைந்தன. அப்பருமன் வெயிலையும் தடுத்தது. சித்திரை வெயிலில் வெளியே நின்று பின் உள்ளே நுழைவோர், இதனை ஒருவர் சொல்லித் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

காரையின் செய்தியும் அறியத்தக்கது. சுண்ணாம்புக் கல்லைச் சூளையிலிட்டு நீற்றுவர். வெந்த கல்லில் நீர் தெளித்தால் அது கொதித்துப் பொங்கி மாவாகும். அதனோடு மணலைச் சேர்த்து, காளை பூட்டிய காரைச் செக்கில் நெடுநேரம் அரைப்பர். கடுக்காய் ஊறிய நீரும் வெல்லமும் கலந்து குழைக்கும் வழக்கம் தமிழ்நாட்டுக் கொத்தர்களிடம் நெடுங்காலமாக உண்டு. இக்காரை காற்றிலுள்ள கரியமில வாயுவைச் சிறிது சிறிதாக ஈர்த்து, மீண்டும் சுண்ணாம்புக் கல்லாகவே மாறுகிறது. சூளையில் கல் இழந்ததைச் சுவரில் இருந்துகொண்டே திரும்பப் பெறுகிறது என்று கூறலாம். இம்மாற்றம் ஒரு நாளில் முடிவதன்று. ஆண்டுகள் பல ஆகும். அதனாற்றான் பழங்காரைச் சுவரைப் பெயர்ப்பது அத்துணை அரிதாகிறது.

மாளிகையின் முகப்பில் வளைவுகள் வரிசையாக நிற்கின்றன; கூரையின்மீது கோயில் விமானத்தை ஒத்த சிறு கோபுரங்கள் எழுகின்றன. வளைவு, தக்காணத்துச் சுலுத்தான்களின் கட்டடங்களில் பயின்றது. கோபுரமோ தென்னாட்டுக் கோயில்களுக்கு உரியது. போர்க்களத்தில் எதிரெதிர் நின்ற இரு திறத்தாரின் கலைகளும் இவ்வீட்டின் ஒரே முகப்பிற் கலந்து நிற்கின்றன. மன்னர் தம்முட் பகைத்தாலும் கொத்தர் ஒருவரிடம் ஒருவர் கற்பதை நிறுத்தவில்லை போலும். உள்ளே நடுவில் அமைந்த பெருங்கூடம் அரசர் கொலுவிருந்த இடம் என்பர்.

அருகே இராணி மகால் என்னும் இரு நிலைக் கட்டடம் உள்ளது. பெயரைக் கேட்டு, அரசியார் வாழ்ந்த அந்தப்புரம் என்று நாம் முடிவு செய்துவிடக் கூடாது. அதன் கீழ்த்தளத்தின் அமைப்பைப் பார்த்தவர்கள், அது குதிரைலாயமாக இருந்திருக்கலாம் என்று கருதுகின்றனர். பழைய கட்டடங்களுக்குப் பிற்காலத்தார் இட்ட பெயர்கள் பெரும்பாலும் அழகானவை. எல்லாம் உண்மையானவை அல்ல.

இனி இவ்வூரின் வரலாற்றைக் காண்போம். ஏறத்தாழ 600 அடி உயரமுள்ள அம்மலையில், யாதவராயர் என்னும் குறுநில மன்னர் காலத்திலேயே கோட்டை எழுந்தது என்று கூறுவர். பின்னர் அது விசயநகரப் பேரரசின் கீழ் வந்தது. சந்திரகிரியில் இருந்து ஆண்ட சாளுவ நரசிம்மர் என்னும் தலைவர், பேரரசு தளர்ந்த நேரத்தில், 1485-ஆம் ஆண்டளவில் தாமே அரியணை ஏறினார். கிருஷ்ணதேவராயர் 1509-இல் முடிசூடினார். அவர்தம் இளமைக் காலத்தில் சந்திரகிரியில் வாழ்ந்தார் என்னும் செய்தி இப்பகுதியில் வழங்குகிறது. அவருக்குப் பின் 1529-இல் பட்டத்திற்கு வந்த அச்சுததேவராயர், அதற்கு முன் இக்கோட்டையிற் காவலில் வைக்கப்பட்டிருந்தார். அரண்மனையாய் விளங்கிய ஊரே அரச குடும்பத்தார்க்குச் சிறையாகவும் இருந்தது. அரியணைக்கு உரிமை கொண்டாடக்கூடிய உடன்பிறந்தாரை மலைக்கோட்டையில் வைத்துக் காப்பது அந்நாளைய அரசியல் முறை.

இங்கு ஓர் ஐயம் எழும். கிருஷ்ணதேவராயர் வாழ்ந்தது இம்மாளிகையிலேயா? காண வருவோர் பலரும் அவ்வாறே எண்ணிச் செல்கின்றனர். ஆனால் கட்டட அமைப்பை ஆராய்ந்த அறிஞர்கள், இம்மாளிகை 16-ஆம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டி, அரவீடு மரபினர் காலத்தில் எழுந்ததாகக் கருதுகின்றனர். கோட்டை பழையது, இம்மாளிகை அதனினும் இளையது. ஆகவே இளவரசர் கிருஷ்ணராயர் இம்மலையைப் பார்த்திருப்பார். இவ்வளைவுகளைப் பார்த்திருக்க மாட்டார் என்று கொள்வதே பொருத்தம். ஒரு கதையை இழப்பது சிறிது வருத்தம் தரலாம். அதற்கு ஈடாக, இவ்வீட்டில் உண்மையாகவே நடந்தவற்றை அறிகிறோம். அவையும் சிறியன அல்ல.

தலைக்கோட்டைப் போருக்குப் பின் விசயநகர அரசர் தலைநகரைப் பெனுகொண்டாவிற்கு மாற்றினர். கோல்கொண்டாப் படைகள் அங்கும் நெருக்கவே, இரண்டாம் வேங்கடபதி தேவராயர் 1592-ஆம் ஆண்டளவில் சந்திரகிரிக்கு வந்தார். திருமலை வேங்கடவனின் அடிநிழல் அவருக்கு உவப்பாகவும், மலைக்கோட்டை காவலாகவும் இருந்தது. 1598-இல் இயேசு சபைப் பாதிரிமார் அவர் அவைக்கு வந்தனர். பின்னர் ஒல்லாந்தர் பழவேற்காட்டில் வாணிகம் செய்ய அவரிடமே இசைவு பெற்றனர். 1614-இல் அவர் மறைந்தபின் அரியணைக்குப் போட்டி மூண்டது. பேரரசு மேலும் சுருங்கியது.

சென்னை நகரின் தோற்றமும் இவ்விடத்தோடு பிணைந்த செய்தியே. ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியார் அப்போது வடக்கே ஆர்மகான் என்னும் துறையில் பண்டகசாலை வைத்திருந்தனர். அங்கு அவர்கள் விரும்பிய துணி போதிய அளவிற் கிடைக்கவில்லை. நல்ல பருத்தித் துணியும் சாயமிட்ட துணியும் மலிவாகக் கிடைக்கும் இடத்தைத் தேடிப் பிரான்சிசு டே என்பவர் தெற்கு நோக்கி வந்தார். நெசவாளரைத் தேடி வந்த பயணம் அது. கோட்டை கட்ட வந்த பயணம் அன்று. இதனை ஆர்.கே.பேட்டை மாணவர்கள் நினைவிற் கொள்ளலாம். அப்பகுதியை ஆண்ட தாமர்ல வேங்கடாத்திரி நாயக்கர், கடற்கரை மணல்நிலம் ஒன்றை ஆங்கிலேயர்க்கு அளித்து, அங்குக் கோட்டை கட்டவும் இசைந்தார். ஆண்டு 1639. நாயக்கரின் தந்தை சென்னப்ப நாயக்கர். சென்னப்பட்டினம் என்னும் பெயர் அவரால் வந்ததென்பது பலரும் ஏற்ற கொள்கை. 1640 பிப்பிரவரியில் டேயும் ஆண்ட்ரு கோகனும் அங்கு வந்து குடியேறினர்.

இம்மானியம் சந்திரகிரி இராச மகாலிலேயே கையெழுத்தாயிற்று என்று எழுதுவோர் உளர். இதனைச் சற்று எண்ணிப் பார்த்தல் நன்று. நாயக்கர் சந்திரகிரி வேந்தர்க்கு அடங்கிய தலைவர். அப்போது வேந்தராய் இருந்தவர் மூன்றாம் வேங்கடர். ஆகவே வேந்தரின் பெயரும் இசைவும் இதன் பின்னே நிற்கின்றன என்பது மெய். பத்திரத்தை அளித்தவரோ நாயக்கர். வேந்தர் மரபின் நேரான உறுதிப் பட்டயம், மூன்றாம் சீரங்கராயரால் 1645-இல் தான் கம்பெனியார்க்குக் கிடைத்தது. எனவே, சென்னைக்கு இடமளித்த அதிகாரத்தின் ஊற்று சந்திரகிரி அரசு என்று சொல்லலாம். எழுதுகோல் இக்கூடத்தில் இருந்தது என்று துணிந்து சொல்லுதற்கில்லை.

அம்மானியத்தின் நாளிலும் ஒரு சிக்கல் உண்டு. நமக்குக் கிடைத்துள்ள படிகளில் சூலை 22 என்னும் நாள் காணப்படுகிறது. டேயோ சூலை 27-இல் தான் சென்னைக் கடற்கரையை அடைந்தார். வந்து சேரும் முன்னரே ஒருவர் மானியம் பெறுதல் எங்ஙனம்? படியெடுத்தவர் திங்களைப் பிழைபட எழுதியிருத்தல் வேண்டும் என்று கொண்டு, வரலாற்றறிஞர் அதனை ஆகத்து 22 எனத் திருத்தினர். 2004 முதல் சென்னை நாள் கொண்டாடப்படுவது அத்திருத்திய நாளிலேயே. எழுதி வைத்தது என்பதனால் மட்டும் ஒரு செய்தி மெய்யாகிவிடுவதில்லை. மற்றொரு செய்தியோடு வைத்து அதனை நிறுத்துப் பார்த்தல் வேண்டும். காட்சிச்சாலையில் பொருள்களின் கீழ் எழுதிய குறிப்புகளையும் இவ்வாறே படித்தல் நன்று.

1646-ஆம் ஆண்டில் சந்திரகிரி கோல்கொண்டாவின் கைப்பட்டது. பின்னர் ஆர்க்காட்டு நவாபின் உடன்பிறந்தாரான அப்துல் வகாப் கான் இதனை வைத்திருந்தார். 1782-இல் ஐதர் அலியிடம் கோட்டை பணிந்தது. 1792-ஆம் ஆண்டுச் சீரங்கப்பட்டண உடன்படிக்கை வரை மைசூரார் வசம் இருந்தது. அதன்பின் கோட்டைக்குப் போர்த்தொழிலே இல்லாது போயிற்று. ஆளில்லாத வீடு இடிவது விரைவு. எனினும் காரையும் வளைவும் இவ்வீட்டைக் காத்தன.

மாளிகையின் உள்ளே இப்போது கற்சிலைகளும் செப்புத் திருமேனிகளும் வைக்கப்பட்டுள்ளன. குடிமல்லம், கண்டிக்கோட்டை, யாகந்தி முதலிய ஊர்களிலிருந்து வந்தவை அவை. இவற்றுட் குடிமல்லம் சிறப்பாகக் குறிப்பிடத் தக்கது. பொன்முகலியின் கரைப் பகுதியில் உள்ள அச்சிற்றூரின் பரசுராமேசுவரர் கோயிலில், ஆள் உயரத்தை நெருங்கும் பழமையான இலிங்கம் ஒன்று உண்டு. அதன் முன்புறத்தில் வேடன் போன்ற கோலத்தில் ஓர் உருவம் செதுக்கப்பட்டுள்ளது. அறிஞர் பலர் அதனைக் கிறித்து பிறப்பதற்கு முன்னைய நூற்றாண்டுகளைச் சார்ந்ததாக மதிப்பர். காலத்தைப் பற்றிக் கருத்து வேற்றுமையும் உண்டு. து. அ. கோபிநாதராவ் என்னும் அறிஞர் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதனைப் பற்றி எழுதி உலகறியச் செய்தார். அந்த இலிங்கம் காட்சிச்சாலைக்கு வரவில்லை. தன் கோயிலிலேயே இருக்கிறது.

இவ்வேறுபாடு எண்ணத் தக்கது. காட்சிச்சாலைக்கு வந்த சிலை, மழைக்கும் திருடர்க்கும் தப்புகிறது. நாற்புறமும் நின்று அதனைப் பார்க்கலாம். ஒரு காலத்துச் சிற்பத்தை மற்றொரு காலத்துச் சிற்பத்தோடு ஒப்பிடலாம். ஆனால் விளக்கையும் மலரையும் தன் ஊராரையும் அது இழந்துவிடுகிறது. கோயிலிலே இருக்கும் சிலைக்கு இவையெல்லாம் உண்டு. அதன் மேற்பரப்போ நாளும் எண்ணெய்க்கும் நீருக்கும் ஆளாகிறது. கோயில் பாழ்பட்டு வழிபாடு நின்றுபோன இடத்துச் சிலைகளைக் கொண்டுவருவதே நேரிய முறை என்பது என் கருத்து. குடிமல்லத்து இலிங்கத்தை அதன் ஊரிலேயே விட்டுவைத்தமை தக்க செயல்.

இனி, தமிழ்நாட்டுப் பாடநூலில் ஆந்திர நாட்டு மாளிகை ஒன்றைப் பற்றிய பாடம் எதற்கு என்று சிலர் வினவக்கூடும். எல்லை என்பது நேற்றுப் போட்ட கோடு. 1911-ஆம் ஆண்டு ஏப்பிரல் முதல் நாள் சித்தூர் மாவட்டம் உருவாகும் வரை, சந்திரகிரி வட ஆர்க்காட்டு மாவட்டத்தில் இருந்தது. திருத்தணிப் பகுதி கார்வேட்டிநகரச் சமீனைச் சார்ந்திருந்து, பின்னர்ச் சித்தூர் மாவட்டத்தில் அடங்கிற்று. 1953 அக்டோபர் முதல் நாள் ஆந்திர மாநிலம் பிறந்தபோது, திருத்தணியும் அதனோடு சென்றது. அதனைத் தமிழகத்தோடு சேர்க்க வேண்டும் என்று ம. பொ. சிவஞானம் முதலியோர் போராடினர். மங்கலங்கிழார் போன்ற தமிழறிஞர் இப்பகுதி மக்களிடையே நின்று உழைத்தனர். படாஸ்கர் என்பார் அளித்த தீர்ப்பின் வழியே, 1960 ஏப்பிரல் முதல் நாள் திருத்தணி தமிழகத்துடன் இணைந்தது. சந்திரகிரி ஆந்திரத்திலேயே நின்றது. 2022 முதல் அது திருப்பதி மாவட்டத்தில் அடங்கும்.

ஆகவே இன்று ஆர்.கே.பேட்டையில் வாழும் முதியோர் சிலர், வீட்டை விட்டுப் பெயராமலே இரண்டு மாநிலத்தவராய் வாழ்ந்தவர்கள். அவர்களுட் பலர்க்குத் தமிழும் வரும், தெலுங்கும் வரும். இது புதிதன்று. தொல்காப்பியப் பாயிரம் தமிழ் வழங்கும் நிலத்திற்கு வேங்கட மலையை வட எல்லையாகக் கூறுகிறது. அம்மலைக் கோயிற் சுவர்களில் உள்ள கல்வெட்டுகளுட் பெரும்பாலானவை தமிழில் உள்ளன. தெலுங்கு, கன்னடம், வடமொழிக் கல்வெட்டுகளும் அவற்றிடையே இருக்கின்றன. தெலுங்கைப் போற்றிய விசயநகர வேந்தர் காலத்திலும், திருமலைக் கோயிலுக்கு அளித்த கொடைகள் தமிழிற் பொறிக்கப்பட்டன. ஊரார் படிக்கும் மொழியில் எழுதுவதே கொடைக்குக் காவல் என்று அவர்கள் அறிந்திருந்தனர்.

தெற்கே இதற்கு மாறான காட்சி ஒன்று உண்டு. பதுமனாபபுரம் அரண்மனை திருவிதாங்கூர் மன்னருடையது. மரவேலைக்குப் பெயர் பெற்றது. கன்னியாகுமரி மாவட்டம் 1956-இல் தமிழகத்தோடு சேர்ந்தபோது அவ்வரண்மனை இருக்கும் நிலம் நம் பக்கம் வந்தது. ஆயினும் அரண்மனையைப் பேணி வருபவர் கேரளத் தொல்பொருள் துறையினரே. நிலம் ஓர் அரசிடமும் வீடு மற்றோர் அரசிடமுமாக அது நன்றாகவே இயங்கி வருகிறது. மரத்தால் ஆகிய அவ்வரண்மனை இன்றளவும் நிற்பதைக் கண்டு, மரவீடு நில்லாது என்று மேலே சொன்னதை ஒருவர் மறுக்கலாம். அவ்வீடு ஆளொழிந்து பாழாக விடப்படவில்லை. பேணுவார் இடையறாது இருந்தனர். சந்திரகிரிக்கு அப்பேறு நெடுங்காலம் இல்லை.

சந்திரகிரிக்குச் செல்ல விரும்பும் மாணவர்கள், திருத்தணியினின்று திருப்பதி செல்லும் இருப்புப் பாதையிலோ சாலையிலோ சென்று, அங்கிருந்து சந்திரகிரியை அடையலாம். கோட்டை மதிலைக் கடந்ததும் நேரே மாளிகைக்கு விரைதல் வேண்டா. சாந்தின்றி அடுக்கிய பெருங்கற்கள் மதிலில் எவ்வாறு ஒன்றோடொன்று பொருந்துகின்றன என்று முதலில் நின்று பாருங்கள். மாளிகையுள் நுழைந்ததும் தலையை உயர்த்தி, உத்திரம் எங்கேனும் உண்டா என்று தேடுங்கள். வெள்ளிக்கிழமை காட்சிச்சாலைக்கு விடுமுறை.